சுவர் கேட்கக் கூடாத பெயர்

அடையாளக் காகிதம் இல்லாத பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டக் கூடாது என்பது சட்டம். யாரும் விரட்டவில்லை. வகுப்புச் சுவர்தான் வருகைப்பதிவு எடுத்தது. பதிவில் இல்லாத பெயர் அதன் காதில் விழுந்தால் அதிகாரிகளுக்குச் சொல்லிவிடும், அவ்வளவுதான். அதனால் கோகிலவாணி டீச்சர் பதிவில் இல்லாத ஒரு சிறுமியைக் "கண்ணு" என்று மட்டுமே கூப்பிட்டார். கடல் விழுங்கிய வங்காளத் தீவிலிருந்து வந்து, திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு நூல் வெட்டுபவளின் மகள் அவள். வகுப்பும் அப்படியே பழகிவிட்டது.

அன்று மிதுனாவுக்குப் பிறந்தநாள். கலர் டிரஸ், டப்பா நிறைய மிட்டாய்.

"கண்ணு, உனக்கு எப்பப் பொறந்தநாளு?" என்று மிதுனா கேட்டாள்.

"தெரியாது. அம்மாவுக்கே தெரியாது."

"அப்ப இன்னைக்கே வெச்சுக்க. உன் நெசப் பேரு என்ன?"

கண்ணு மிதுனாவின் காதோடு சொன்னாள்.

டீச்சர் வாசலுக்கு வந்தபோது வகுப்பே எழுந்து நின்று, ஷெபாலி, ஷெபாலி என்று பிறந்தநாள் பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டிருந்தது. "பாடாதீங்கடா!" என்று ஓடினார். அதற்குள் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டுக்காகத்தான் எரிகிறது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மதியச் சோற்றுக்கு முன்பே அதிகாரி அம்மா வந்துவிட்டார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"பொறந்த தேதி தெரியுமா சாமி?"

யார் கேட்டாலும் இதுவரை தலைகுனிந்தே நின்ற பிள்ளை, நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்குத்தானுங்க!" என்று மிட்டாய் டப்பாவை நீட்டினாள்.