சாணைக்கல்லை ஜெயித்த கார்பைடு

வீட்டுப் பின்கட்டில் ஒருவர் பொழுதுபோக்காக வைத்திருந்த இரும்பு கடையும் சின்ன லேத் மெஷினில், எஃகைவிடக் கடினமான ஒரு கார்பைடு டூல் வேலை பார்த்தது. இரும்பைச் சீவிச் சீவி அதன் முனை மழுங்கிவிட்டது. அவர் அதைக் கூர்தீட்டச் சாம்பல்நிறச் சாணைக்கல்லில் பிடித்தார். கார்பைடு கொஞ்சமும் தேயவில்லை. கல்லில்தான் பள்ளம் விழுந்தது.

"என்னைத் தேய்க்க வந்தவன் தேய்ஞ்சு போனான், பார்த்தியா?" என்று கார்பைடு பக்கத்திலிருந்த எஃகு டூலிடம் சொன்னது. வாரந்தோறும் சாணைக்குப் போய்வரும் எஃகை அது கோழை என்றே நினைத்திருந்தது.

"ஜெயிச்சிட்டீங்க, அண்ணே. இனிமே வெட்டுவீங்களா?" என்றது எஃகு.

 மறுநாள் கார்பைடு லேத்தில் ஏறியதும் இரும்புக் கம்பி சிரித்தது.

"என்னண்ணே, முதுகு தேய்ச்சு விடுறீங்களா?"

அவர் லேத்தை நிறுத்தினார். சாணையில், கார்பைடைத் தேய்ப்பதற்கென்றே விற்கும் ஒரு பச்சைக் கல்லைப் புதிதாக மாட்டினார்.

"இதுலயும் தேயலன்னா பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தார்.

கல் சுழன்றது. நெருங்கும்போது, இந்தக் கல்லாவது தன்னை ஜெயித்துவிட வேண்டுமே என்று கார்பைடு முதல்முறையாக ஆசைப்பட்டது.