சாடிக்குள் பள்ளங்கள்

மருத்துவக் கல்லூரிக் கண்காட்சிக்கு மேசை தூக்கிப்போட வந்த ஒச்சப்பன், கண்ணாடிச் சாடியில் மிதந்த மூளையை விட்டு நகரவில்லை. உழுதுபோட்ட நிலம்போல மேலெல்லாம் பள்ளம் பள்ளமாக இருந்தது. போன வருஷம்தான் எழுத்துக் கற்றவன், ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தான்: "ஆண். வயது நாற்பத்திரண்டு. உறவினர் சம்மதத்துடன்." சில வருஷம் முன்னால் இதே கல்லூரி ஆஸ்பத்திரியில் செத்த அவன் அண்ணனுக்கும் அப்போது அதே வயசு.

"என்னண்ணே, கொழம்பு வைக்கப் போறீங்களா?" என்று சிரித்தான் சாடிக்குப் பக்கத்தில் நின்ற மாணவன்.

"இது யாரோடது தம்பி?"

"பேரெல்லாம் தெரியாதுண்ணே. ஆளுக்கு ஆள் பள்ளம் மாறும், கைரேகை மாதிரி."

"சம்மதம்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"எங்க எழுதுனாங்க? ஃபைல்ல கைநாட்டுதான் இருக்கு."

அண்ணன் பிணத்தை வாங்க அன்றைக்கு ஒச்சப்பன் மூன்று தாளில் கைநாட்டு வைத்திருந்தான். என்ன தாளென்று அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சாடியின் மேல் பதிந்திருந்த தன் கட்டைவிரலை மெல்ல எடுத்தான். கண்ணாடியில் ரேகை அப்படியே நின்றது.