போதகரின் சின்ன ஜெபம்

தெருவில் ஊர்த் திருவிழா. மேளச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பிழைப்பையும் பிள்ளைகளையும் விட்டு அயல்நாட்டுக்கு ஊழியம் செய்ய வந்து கிழண்டுபோன போதகரும் மனைவியும், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியின் முன்னால் சலவை உடுப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் கடைக்குட்டி மகள், சொந்த ஊரில், மணப்பெண்ணாக நிற்கிறாள். "அம்மா, நீ ஏதாவது சொல்லும்மா." அம்மா வாயைத் திறப்பதற்குள், "முதல்ல ஒரு சின்ன ஜெபம்" என்று போதகர் கண்ணை மூடுகிறார். அவருடைய சின்ன ஜெபத்தில் பல பேர் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கிறார்கள். ஆதாமில் புறப்பட்டவர் ஆபிரகாமை எட்டும்போது மகள் அசையாமல் நிற்கிறாள்; பிறகு இணைப்பு அறுந்து திரை கறுக்கிறது. அம்மா மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறாள்; ஊரே போனில் திருவிழா வாழ்த்துச் சொல்லும் நேரம், லைன் கிடைக்கவில்லை. நிறுத்தச் சொல்லலாம் என்று அவர் தோளைத் தொடப் போகிறாள். அப்போதுதான் போதகரின் குரல் உடைகிறது. கூட இல்லாமல்போன பிறந்தநாள்களுக்கும் காய்ச்சல்களுக்கும் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். இமை தாண்டிய கண்ணீர் தாடிக்குள் இறங்குகிறது. அம்மா கையை மடிக்கு இழுத்துக்கொள்கிறாள். "ஆமென். இந்தா, இப்ப நீ பேசு" என்று அவர் கைக்குட்டையைத் தேடுகிறார். அவள் கைபேசியை அவசரமாகத் தன் பக்கம் திருப்புகிறாள். "நல்லா இருடி, கண்ணு" என்கிறாள் கறுத்த கண்ணாடியிடம். "என்ன சொல்றா?" என்கிறார், மூக்கைச் சிந்தியபடி. "நீங்க சொன்னதெல்லாம் கேட்டுச்சாம்."