கோப்பில் உள்ளபடி

கலிஃபோர்னியாவில் கணினிக்கான தெர்மினல் திரைகள் செய்யும் நிறுவனத்தில் லோர்னா புதியவள். திரையில் ஒரு வரி நிறைந்தாலும் எழுத்து தானாக அடுத்த வரிக்கு இறங்காத கோளாறைச் சரிசெய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தாள். மேலாளர் வெண்டெல் எரிந்து விழுந்தார்.

"யாரைக் கேட்டுச் சரிபண்ணின? வரிக்கு வரி இடம் காலியா விழுதுன்னு வாங்கினவங்க கத்துறாங்க!"

"எப்படி?"

"நம்ம திரையால என்ன முடியும், என்ன முடியாதுன்னு ஒரு கோப்பு இருக்குல்ல? அதைப் படிக்கிற கணினி, இது தானா இறங்காதுன்னு நம்பி அதுவே ஒரு வரி இறக்கிவிடுது; இப்போ திரையும் ஒரு வரி இறக்குது. பழையபடி கெடுத்து வை. இல்லேன்னா வேலை போயிடும்."

"கோப்பைத் திருத்திடலாமே?"

"ஊரெல்லாம் நகலெடுத்தாச்சும்மா."

லோர்னா கெடுத்து வைத்தாள்.

"முதல்ல இதைக் கெடுத்த புத்திசாலி யாரு, வெண்டெல்?"

"திரை நல்லாத்தான் இருந்துச்சு. கோப்புலதான் நான் தப்பா எழுதிட்டேன். அப்புறம் கோப்புக்கு ஏத்த மாதிரி திரையைக் கெடுத்தேன். அந்த வருஷந்தான் என்னை மேலாளராக்கினாங்க."