கன்னத்துப் பொட்டு

"கமலாட்சி! இது என்னா வேலை?"

எங்களை மேய்க்கிற சிங்களம்மா சந்திரகாந்தா நோனா போட்ட சத்தத்துல, என் கையில இருந்த பாரசீகச் சிப்பாய்க்கு மூக்கு மஞ்சளாயிருச்சு.

அலுவிகாரையில ஒரு வீட்டு முன்னறைதான் எங்க வேலைத்தளம். வெளிநாட்டுக்காரங்க மேசையில பரப்பி யுத்தம் விளையாடுறதுக்கு ஈயச் சிப்பாய்ங்க. ரெண்டு விரக்கடை உசரம். நாங்க பெயின்ட் அடிக்கணும். இந்த வாட்டி பழங்காலத்துப் பாரசீகக் காலாட்படை. பூப்போட்ட கால்சட்டை, ஆளையே மறைக்கிற பிரம்புக் கேடயம். ஓ லெவல் பரீட்சையில சரித்திரத்துல கோட்டைவிட்டவன் கையில சரித்திரத்தையே குடுத்திருந்தாங்க.

நோனா ஒரு சிப்பாயைத் தூக்கிப் பூதக்கண்ணாடியில காட்டினாங்க. இடது கன்னத்துல கருப்புப் பொட்டு.

"பிரஷ் சிந்திருச்சா?"

கமலாட்சியக்கா தலையைக் குனிஞ்சாங்க. "இல்ல நோனா. திருஷ்டிப் பொட்டு. இவன் மூஞ்சி எங்க கணபதி மாதிரியே இருந்துச்சு..."

கணபதி அக்காவோட மகன். தம்புள்ளைக்கு மரக்கறி மூட்டை தூக்கப் போனவனை செக்பொயின்ட்டுல புடிச்சு ரெண்டு மாசம். எங்க வச்சிருக்காங்கன்னே தெரியாது.

"விடுங்க நோனா, வெள்ளைக்காரன் மச்சம்னு நெனச்சுக்குவான்"னேன்.

"வாயை மூடு மல்லி! போன மாசம் ஒரு புள்ளி பிழையா விழுந்ததுக்கு முதலாளி ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார். இவளையும் அனுப்பணுமா? நீயே அழி." நோனாவுக்கு நான் மல்லி, சிங்களத்துல தம்பி.

"நானா?"

"உனக்குத்தானே வாய் ஜாஸ்தி."

ஈரப் பஞ்சால துடைச்சேன். பச்சைப் பிள்ளை மூஞ்சியைத் துடைக்கிற மாதிரி மெதுவாத்தான். அக்கா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

நோனா வெடுக்குன்னு பறிச்சுக்கிட்டுப் போயி, கன்னத்தை அவங்க பிரஷ்ஷால அவங்களே சரிபண்ணினாங்க. மூணே மூணு மயிர் உள்ள பிரஷ் அது. அதை யாரையும் தொடவிட மாட்டாங்க.

சாப்பாட்டு நேரம் எனக்குப் பொறுக்கலை. "நோனா மகனும் மன்னார்ப் பக்கம் ஆமியிலதானே நிக்கிறான்? மூணு வாரமா ஃபோன் இல்லைன்னு மூக்கைச் சிந்துறாங்க. ஊரான் பிள்ளைன்னா மட்டும் அழிக்கணுமாக்கும்."

அக்கா சோத்துப் பார்சலை மூடினாங்க. "அப்படிச் சொல்லாத தம்பி. அந்தப் பிள்ளையும் நல்லபடியா வரணும்."

பொழுது சாய பெட்டி கட்டுற வேலை.

"இருபத்தி நாலு பேர். நேரா நிறுத்து, கவிழ்க்காதே!"ன்னாங்க நோனா.

செய்யாதேன்னு சொன்னாத்தானே எனக்குக் கை போகும். கணபதி மூஞ்சிக்காரனைத் தேடி எடுத்தேன். கன்னம் சுத்தமா இருந்துச்சு. கவிழ்த்தேன்.

யாரும் பெயின்ட் அடிக்காத எடம் அது, காலுக்கு அடியில வெறும் ஈயம். பிள்ளைங்களுக்கு உள்ளங்கால்ல மறைச்சு வைப்பாங்களே, அந்த மாதிரி ஒரு கருப்புப் பொட்டு. மூணு மயிர் பிரஷ் மட்டும் வைக்கக்கூடிய அளவு.

"என்னா பார்க்கிறே மல்லி?"

நோனா பூதக்கண்ணாடியைத் துடைச்சிக்கிட்டே இருந்தாங்க. என் மூஞ்சியைப் பார்க்கலை.

"ஒன்னுமில்ல நோனா."

அவனுக்குப் பக்கத்துல நின்னவனையும் கவிழ்த்தேன். அவனுக்கும் ஒன்னு.

மிச்சம் இருபத்திரெண்டு பேருக்கும் இல்லை.

ரெண்டு பேரையும் ஒரே பஞ்சுல சுத்தி வச்சேன்.