முந்நூறு கிராம்

முள் ஆறில் நின்றது.

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். உத்தரத்துக் கொக்கியில் தராசு தொங்கியது. தராசின் துணித் தொட்டிலில் அவள் மகள் முத்துப்பேச்சி, பத்து மாதக்காரி, காலை உதைத்து ஆடினாள். முள்ளும் சேர்ந்து ஆடியது.

ஆட்டம் அடங்கியதும் மறுபடி ஆறு.

போன மாதமும் ஆறு கிலோதான்.

அங்கன்வாடியில் சந்தனமாரி டீச்சர் எடை அட்டையை மடியில் விரித்து, பேனாவைத் திறந்து, எழுதாமல் வைத்திருந்தார். இந்த மாதம் எடை ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

குறைமாதத்தில் ஒன்றரைக் கிலோவாகப் பிறந்தவள். உன் பாலில் வலு இல்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். புருஷன் ஒரு பால்பவுடர் டப்பா வாங்கி வந்து அலமாரியில் வைத்தான். அவள் அதைத் திறக்கவில்லை. பாலும், வேளைக்குச் சத்துமாவுக் கஞ்சியும், நாளுக்கொரு முட்டையும்தான். அவ்வளவு பிடிவாதம்.

இப்போது அந்தப் பிடிவாதத்தை நினைக்கவே பயமாக இருந்தது.

டீச்சர் குழந்தையை இறக்கினார். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் அதே தடம்.

என்ன இது என்று கேட்டார்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளி அரைஞாண். ஒரு ஜோடித் தண்டை. ஒரு ஜோடிக் காப்பு. போன மாதம் காதுகுத்தில் தாய்மாமன் போட்டவை. அவள் அண்ணனுக்குக் கை தாராளம், எல்லாம் கெட்டி வெள்ளி. மாமன் போட்டதை நாலு பேர் பார்க்கக் கழற்றக் கூடாது என்று போன மாதம் எடை பார்த்தபோது அவள் கெஞ்சினாள். டீச்சரும் போகட்டும் என்று நகையோடு அப்படியே நிறுத்து எழுதிவிட்டார்.

“இறுகிப் போச்சுன்னு காலையிலதான் டீச்சர் கழட்டுனேன். சோப்புப் போட்டும் வர மாட்டேன்னுச்சு.”

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு வெள்ளி அத்தனையையும் வாங்கித் துணித் தொட்டிலில் போட்டார்.

முள் நகர்ந்தது. ஒரு கோடு. இரண்டு. மூன்று.

முந்நூறு கிராம்.

அட்டையில் போன மாதப் புள்ளியை டீச்சர் அடித்தார். அதற்கு நேர் கீழே புதிதாக ஒன்று வைத்தார். அது மிகக் குறைந்த எடைக்கான சிவப்புப் பட்டைக்குள் விழுந்தது.

அப்படியானால் சிவப்பில் கிடந்த பிள்ளையை, தேறிவிட்டாள் தேறிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி, இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

டீச்சர் இந்த மாதப் புள்ளியை வைத்தார். ஸ்கேலைத் தேடவில்லை. கையாலேயே இரண்டையும் சேர்த்து இழுத்தார். கோடு கொஞ்சம் நடுங்கியது. ஆனால் சிவப்பைத் தாண்டி மேலே வந்து நின்றது.

வெள்ளி இருந்த கணக்குக்கு, ஒரு கோடும் குறையாமல், சதை வந்து சேர்ந்திருந்தது.

முப்பது நாளில். அந்த அரைஞாணுக்குள்ளேயே. தினமும் குளிப்பாட்டிய அவளுக்குக்கூடத் தெரியாமல்.

அவள் குழந்தையின் இடுப்புத் தடத்தை விரலால் தொட்டாள். ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்த்தாள். இத்தனையும் தன் உடம்பிலிருந்தும் தன் அடுப்பிலிருந்தும் போனதா என்று அவளால் நம்ப முடியவில்லை.

வெள்ளி தராசிலேயே தொங்கியது. எடுக்க யாருக்கும் நினைவில்லை.

முத்துப்பேச்சி சப்புக்கொட்டி மாராப்பைப் பிடித்து இழுத்தாள்.

எங்கே போனாலும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுப்பவள், இன்று வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.