பேருக்கு ஒரு வேட்பாளர்

"யாராவது எனக்கு ஓட்டைக் குத்தித் தொலைச்சிடப் போறாங்களேன்னு பயமா இருக்குங்க" என்றாள் லஸ்மினி.

தார்ஜோனோ கண்ணாடி முன் நின்று கறுப்புத் தொப்பியைச் சரிசெய்தபடி சிரித்தார்.

"உனக்கா? உனக்கு எவன் குத்துவான்? பேருக்குத்தானே நிக்கிறே."

பேருக்குத்தான். ஜாவாவின் மலையோரத்தில் வோனோலாவாஸ் சின்ன ஊர். பன்னிரண்டு வருஷமாக அவர்தான் தலைவர். ஒரே ஒருத்தர் நின்றால் தேர்தலும் கிடையாது, பதவியும் கிடையாது என்பது அங்கே சட்டம். அவரை எதிர்த்து நிற்க ஊரில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. மனுக் கொடுக்கக் கடைசி நாளன்று, அடுப்படியில் தேம்பே என்கிற சோயா வில்லை பொரித்துக்கொண்டிருந்த மனைவியைக் கையோடு இழுத்துப்போய், போட்டோ எடுத்து, கையெழுத்தும் வாங்கிவிட்டார். சுற்றுவட்டார ஊர்களிலும் இதுதான் வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

லஸ்மினிக்குத்தான் தூக்கம் போய்விட்டது. பக்கத்து ஊரில் இப்படிப் பேருக்கு நின்ற ஒருத்திக்கு வெறும் நாற்பது ஓட்டு விழுந்தது. ஜெயித்தது என்னவோ புருஷன்தான். அதற்கே ஆறு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை அந்த மனுஷன்.

இதில் இன்னொரு வேலை வேறு. "பட்டியல்ல பேரில்லாத பொம்பளைங்களை எல்லாம் சேர்த்து விடு. ஒவ்வொருத்தியும் எனக்கு ஒரு ஓட்டு" என்று தார்ஜோனோ சொல்லியிருந்தார். அடையாள அட்டை இல்லாததால் பெயர் வராத பெண்கள் அறுபத்து மூன்று பேர். காய்கறி லாரியில் ஏற்றி, நாலு தடவை தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். படிவம் எழுதினாள். பிறந்த வருஷம் தெரியாதவளிடம் எரிமலை வெடித்தபோது நடந்தாளா தவழ்ந்தாளா என்று கேட்டுக் கணக்குப் போட்டாள்.

ஒவ்வொருத்தியிடமும் மறக்காமல் சொன்னாள்: "தலைவருக்குக் குத்துங்கடி. எனக்கு வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தேர்தலன்று குருத்தோலைத் தோரணம் கட்டிய மேடையில் இரண்டு நாற்காலி. வேட்பாளர்கள் கடைசிவரை அங்கேதான், ஊர் பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

"என்ன தலைவரே, இந்த வயசுல மறுபடியும் மணமேடையா?" என்றான் லாரிக்காரன் பொனிமின். ஊரே சிரித்தது.

லஸ்மினி சிரிக்கவில்லை. யாரையும் பார்த்துச் சிரிக்காதே, ஓட்டுக் கேட்கிறாய் என்று நினைப்பார்கள் என்று தார்ஜோனோ காலையிலேயே சொல்லியிருந்தார்.

முதல் ஓட்டு வேட்பாளர்களுடையது. மறைப்புக்குள் போய், ஓட்டுக் குத்தக் கயிற்றில் கட்டியிருந்த ஆணியை எடுத்தாள். சீட்டில் அவர் படமும் அவள் படமும் ஒட்டி உரசிக்கொண்டு இருந்தன. தவறித் தன் முகத்தில் பட்டுவிடப் போகிறதே என்று சீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவருடைய தொப்பிக்கு நடுவில் ஓங்கிக் குத்தினாள். வெளியே வந்து சுண்டுவிரலை மையில் முக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்து அவர் போனார். வெளியே வரக் கொஞ்சம் நேரமாயிற்று. மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாரோ என்று அவளுக்கு அது ஒரு கவலை.

மூன்று மணிக்கு எண்ண ஆரம்பித்தார்கள். தேர்தல் கமிட்டிக்காரர் முக்லாஸ் ஒவ்வொரு சீட்டாக விரித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஆணி குத்திய துளை எந்தப் படத்தில் தெரிகிறதோ அந்தப் பெயரைச் சொன்னார்.

"தலைவர்... தலைவர்... லஸ்மினி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பரவாயில்லையே" என்று தார்ஜோனோவும் சிரித்தார்.

லஸ்மினிக்கு இருபது விழுந்தபோது அவர் சிரிப்பு நின்றது. ஐம்பதைத் தாண்டியதும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"என்னடி நடக்குது?" என்றார், உதடு அசையாமல்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் யார்கிட்டயும் கேக்கலை."

"பட்டியல்ல சேர்த்தியே, அந்தக் கூட்டமா?"

லஸ்மினி மேடைக்குக் கீழே திரும்பினாள். முன்வரிசையில் அந்தப் பெண்கள் மை பட்ட விரலோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னடி இப்படிச் செய்துவிட்டீர்கள் என்பதுபோல் பார்த்தாள். வாகினெம் என்பவள் தயங்காமல் சொன்னாள்:

"பின்ன என்னக்கா? அட்டை வாங்க எங்களோட லாரியில வந்தது நீங்க. தலைவரா வந்தாரு?"

மிச்சச் சீட்டெல்லாம் அவருடையதாகவே இருக்கட்டும் என்று லஸ்மினி கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் பாதிதான் பலித்தது. முக்லாஸ் கரும்பலகையில் போட்ட கோடுகளை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

"தலைவர் இருநூற்றுப் பதினொன்று. லஸ்மினி இருநூற்றுப் பன்னிரண்டு."

கூட்டம் மேடையேறி அவள் கையைப் பிடித்துக் குலுக்கியது. அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு பார்த்தால், அவர் அதே நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் இல்லை, இனி ஆயுசுக்கும் பேச்சு இருக்காது என்று நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.

"ஒரே ஒரு ஓட்டுல போச்சு. நானே எனக்குக் குத்திக்கிட்டேன்னுதானே நினைக்கிறீங்க? பிள்ளைங்க மேல ஆணையா, உங்களுக்குத்தாங்க குத்தினேன்."

"உன்மேல எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார்.

"பின்ன ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

மை காய்ந்த தன் சுண்டுவிரலை அவர் தூக்கிக் காட்டினார்.

"உனக்கு ஒரு ஓட்டுகூட விழாம போனா ஊர் சிரிக்குமேன்னு பாவமா இருந்துச்சு. என் ஓட்டை உனக்குத்தான்டி குத்தினேன்."